சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் ஆங்கிலச் சொல் தேடுதல்: 300 அட்டை, 33 துளை

ஆங்கிலத்தில் வாய்க்கும் எழுத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'மஸ்கிட்டோ' என்று சொன்னால் காதில் 'கி' விழுகிறது, தாளில் அங்கே க்யூ நிற்கிறது. 'டவுட்' என்ற சொல்லில் ஒரு பி இருப்பதை வாய் காட்டிக்கொடுப்பதே இல்லை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் க்யூ வரும் சொல் பத்து கேளுங்கள். குயீன், குயிக், கொஸ்டின் என்று மூன்றோடு வண்டி நின்றுவிடும். யுனிக், ஆன்டிக், பொட்டிக், செக், க்யூவில் நிற்கும் 'க்யூ' எதுவும் வராது. பிள்ளைகள் ஒலியை வைத்துத் தேடுகிறார்கள், கேள்வியோ எழுத்தைப் பற்றியது.

எழுத்தை வைத்தே தேட ஒரு பழைய வழி உண்டு. கணினி பரவுவதற்கு முன் நூலகங்களிலும் அலுவலகங்களிலும் விளிம்பில் துளையிட்ட அட்டைகளை வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மக்பீ கம்பெனி 'கீசார்ட்' என்ற பெயரில் விற்றது இதைத்தான். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு டியூஷன் அறைக்காக, ஜெராக்ஸ் கடை ஸ்பைரல் மெஷினையும் சைக்கிள் கடை ஸ்போக்ஸ் கம்பியையும் வைத்து அதையே 300 சொல்லுக்குச் செய்த கணக்கு கீழே.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையின் மேல் விளிம்பில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையும் ஓர் எழுத்து. சொல்லில் அந்த எழுத்து இருந்தால், துளையிலிருந்து விளிம்பு வரை வெட்டி வாயைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துளையை அப்படியே விட வேண்டும். அட்டைக் கட்டை நேராக அடுக்கி க்யூ துளை வழியாகக் கம்பியை விட்டுத் தூக்கினால், வாய் மூடிய அட்டைகள் கம்பியோடு மேலே வரும். வாய் திறந்தவை மேஜையிலேயே தங்கிவிடும். தங்கியவைதான் க்யூ உள்ள சொற்கள்.

எழுத்துக்குப் பெயர் வைப்பது

வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய விஷயம் இது. ஒருவர் எழுத்தைப் படித்துச் சொல்ல, இன்னொருவர் வெட்டுவதுதான் வேகமான முறை. ஆனால் நம் வாயில் இரண்டு பி ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன, இரண்டு டி-யும் அப்படியே. மின்விசிறிச் சத்தத்தில் எம்மும் என்னும் ஒன்றாகிவிடும். முதல் நாள் வெட்டியதில் பிழைகள் பெரும்பாலும் இந்த மூன்று ஜோடியில்தான் இருந்தன. அதனால் இந்த எழுத்துகளுக்கு மட்டும் பள்ளிக்கூடப் பெயர்: பால்-பி, பேரட்-பி, டாக்-டி, டைகர்-டி, மேங்கோ-எம், நெஸ்ட்-என். (பால் என்பது பந்து. ஆவின் இல்லை.) இந்தப் பதிவிலும் குழப்பம் வரும் இடத்தில் அதே பெயர்கள்தான். 'டவுட்' சொல்லில் ஒளிந்திருப்பது பால்-பி. 'ரிசீட்' சொல்லில் ஒளிந்திருப்பது பேரட்-பி.

பொருள்கள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஐவரி போர்டு, ஏ4 அளவு, 160 தாள். ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டினால் 210-க்கு 148 மில்லிமீட்டரில் 320 அட்டை கிடைக்கும். 300 சொல்லுக்கு, 20 உபரி. உபரியைப் பின்னால் செய்துகொள்ளலாம் என்று விடக்கூடாது. வேறொரு நாள், வேறொரு மெஷினில் போட்ட துளை பழைய கட்டோடு பொருந்தாது.

போர்டு வாங்கும்போது நார் ஓடும் திசையைப் பாருங்கள். தாளை இரு பக்கமும் லேசாக வளைத்தால், எந்தப் பக்கம் எளிதாகச் சுருள்கிறதோ அந்தச் சுருளின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். பாதியாக வெட்டியபின் துளை வரும் 210 மி.மீ. விளிம்புக்கு அது செங்குத்தாக நிற்கும், துளைகளுக்கு நடுவே மிஞ்சும் பல்லும் நார்வாக்கில் அமையும். திசை மாறினால் அந்தப் பல் பத்து முறை ஆட்டுவதற்குள் மடிந்து விழும். வெட்டும் வேலையை அச்சகத்துக் கட்டிங் மெஷினில் கொடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும், அந்த ஒரு மில்லிமீட்டர் துளைக்குத் துளை வந்து சேரும்.

துளைக்கு ஸ்பைரல் பைண்டிங் மெஷின். ஒற்றைத் துளை பஞ்சால் கையால் போட்டுப் பார்த்தது உதவவில்லை. அதன் துளை 6 மி.மீ., பெரியது. ஒவ்வொரு அட்டையிலும் அரை மி.மீ. நகர்ந்தாலும் முப்பதாவது அட்டையில் கம்பி முட்டி நின்றுவிடும். ஸ்பைரல் மெஷினில் இடைவெளியை மெஷினே பார்த்துக்கொள்கிறது. நாங்கள் போட்ட மெஷினில் துளை விட்டம் 4 மி.மீ., மையத்திலிருந்து மையத்துக்கு ஏறக்குறைய 6.3 மி.மீ. இதன்படி 210 மி.மீ. விளிம்பில் 33 துளை விழுகிறது. மெஷினுக்கு மெஷின் மாறும், முதலில் பழைய தாளில் ஒன்று போட்டு அளந்துவிடுங்கள்.

ஒரு இழுப்புக்கு மூன்று அட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. நான்கு வைத்தால் அடி அட்டையில் துளை முழுதாக அறாமல் வட்டத்துண்டு தொங்கும், கம்பி அதில் மாட்டும். ஆக 107 இழுப்பு. கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனால் கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். எல்லா அட்டையும் இடது ஓரத் தடுப்பில் முட்டியே போக வேண்டும், ஒன்றைக்கூடப் புரட்டி வைக்கக்கூடாது. அதற்காகத் துளைபோடும் முன்பே 320 அட்டைக்கும் வலது மேல் மூலையைச் சாய்வாக 8 மி.மீ. வெட்டிவிடுங்கள். பிறகு கட்டைக் கையில் எடுத்தவுடனே, திரும்பி நிற்கும் அட்டை மூக்கை நீட்டிக் காட்டிவிடும்.

கம்பி: சைக்கிள் கடையில் 14 கேஜ் ஸ்போக்ஸ், தடிமன் 2 மி.மீ., நீளம் ஏறக்குறைய ஒரு அடி. நான்கு வாங்குங்கள். வளைந்த தலைப் பக்கம் கைப்பிடி. மறுமுனையில் இருக்கும் மரையைப் பிளையரால் துண்டித்து, எமரித் தாளில் தேய்த்து மொண்ணையாக்க வேண்டும். மரையோடு விட்டால் அரம் மாதிரி ஒவ்வொரு துளையையும் ராவிவிடும். 4 மி.மீ. துளைக்குள் 2 மி.மீ. கம்பி என்பதால் அட்டைகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உள்ளே போகும். தடித்த கம்பி வேண்டாம்.

எழுத்து வரிசை: ஏன் ஏ-பி-சி இல்லை

முதலில் இயல்பாக ஏ முதல் இசட் வரை வரிசையாகத்தான் ஒதுக்கினோம். பார்க்க ஒழுங்காக இருந்தது, உழைக்கவில்லை. இரண்டு துளைக்கு நடுவே மிஞ்சும் அட்டை 2.3 மி.மீ. அகலம்தான். பக்கத்துப் பக்கத்து எழுத்து இரண்டும் வெட்டுப்பட்டால் அந்த 2.3 மி.மீ. தனிப் பல்லாக, 7 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். 'ஃபர்ஸ்ட்' என்ற சொல்லில் ஆர், எஸ், டைகர்-டி மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, இரண்டு பல். 'ஸ்டூடன்ட்' இன்னும் மோசம்: டாக்-டி, ஈ ஒரு ஜோடி, எஸ், டைகர்-டி, யூ ஒரு மூவர். பல் வளைந்தால் பக்கத்து அட்டையைக் கொக்கி போட்டு இழுத்துக்கொள்ளும், விழ வேண்டிய அட்டை விழாது.

அடிக்கடி வரும் 13 எழுத்துகளுக்கு ஒற்றைப்படைத் துளை, அரிதாக வரும் 13 எழுத்துகளுக்கு இரட்டைப்படைத் துளை என்று கலைத்துப் போட்டதும் தொல்லை தீர்ந்தது. அகராதிச் சொற்களில் அதிகம் வருபவை ஏ, சி, டாக்-டி, ஈ, ஐ, எல், என், ஓ, பேரட்-பி, ஆர், எஸ், டைகர்-டி, யூ. இவை ஒற்றைப்படையில் அகரவரிசையிலேயே நிற்கும். மிச்சம் 13-ம் அகரவரிசையில் அவற்றின் நடுவே புகும். அப்படிப் போட்டபோது எச் சரியாக ஈ-க்கும் ஐ-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'தெயர்' (அவர்களுடைய), 'ஒயிட்' மாதிரி சொல்லெல்லாம் மூன்று துளை தொடர்ந்து திறந்தது. நாற்பது அட்டை வீணானபின் எச்சையும் க்யூவையும் இடம் மாற்றினோம். கடைசியில் நிலைத்த வரிசை, 1 முதல் 26 வரை:

ஏ, பால்-பி, சி, எஃப், டாக்-டி, ஜி, ஈ, க்யூ, ஐ, ஜே, எல், கே, என், எம், ஓ, எச், பேரட்-பி, வி, ஆர், டபிள்யூ, எஸ், எக்ஸ், டைகர்-டி, ஒய், யூ, இசட்.

இப்போது 'ஸ்டூடன்ட்', 'ஃபர்ஸ்ட்' இரண்டிலும் ஒரு ஜோடிகூட ஒட்டவில்லை. க்யூவும் யூவும் எட்டத்தில் இருக்கின்றன, அது முக்கியம். அவை இரண்டும் இணைபிரியாதவை, பக்கத்தில் வைத்தால் க்யூ அட்டை அத்தனையிலும் பல் முளைக்கும். முழுக்கத் தப்பிக்க முடியாது. 'ஃபோன்', 'ஷாப்' சொற்களில் ஓ, எச், பேரட்-பி ஒட்டிக்கொள்ளும். அந்த அட்டைகளில் மட்டும் பல்லின் அடியில் ஃபெவிகால் ஒரு துளி தடவி ஒரு இரவு காயவிட்டால் விறைத்துக்கொள்ளும். செலோ டேப் ஒட்டாதீர்கள். நம்மூர் வெயிலில் பசை கசிந்து அடுத்த அட்டையோடு சேர்ந்துவிடும்.

27-வது துளை காலி. 28 முதல் 31 வரை சொல்லின் நீளம். நான்கு துளைக்கும் மதிப்பு 7, 4, 2, 1. ஐந்தெழுத்துச் சொல் என்றால் 4-ம் 1-ம் வெட்டு, பத்தெழுத்து என்றால் 7, 2, 1. ஏழுக்கு 7 மட்டும், 4, 2, 1 மூன்றையும் வெட்டக்கூடாது. இப்படி 14 எழுத்து வரை அடங்கும். இதுவும் பழைய அட்டைக்காரர்கள் எண்களுக்குப் பயன்படுத்திய கணக்குதான். 32-வது துளை, சொல்லில் ஏதாவது ஓர் எழுத்து இரண்டாம் முறை வந்தால். 33-ஐத் தொடவேண்டாம், மூலையோரம் என்பதால் வெட்டினால் கிழியும்.

எழுத்துப் பெயர்களை 320 அட்டையிலும் அச்சிடத் தேவையில்லை. 300 ஜிஎஸ்எம் சாதாரண லேசர் பிரிண்டரில் போகவும் போகாது. ஒரே ஒரு சாவி அட்டையில் ஒவ்வொரு துளைக்கும் கீழே எழுத்தைப் பேனாவால் எழுதி, கட்டின் முன்னால் நிறுத்தினால் போதும்.

ஓர் அட்டை வெட்டுவது

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தினம் பார்க்கும் பொருளையே எடுத்துக்கொள்ளலாம். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. ஒன்பது எழுத்து: சி, ஏ, டைகர்-டி, ஏ, எம், ஏ, ஆர், ஏ, என். ஏ நான்கு முறை வருவதால் வேறுபட்ட எழுத்து ஆறுதான். வெட்ட வேண்டிய துளைகள் 1, 3, 13, 14, 19, 23. நீளம் ஒன்பது, ஆகவே 7-க்கும் 2-க்குமாக 28, 30. எழுத்து திரும்ப வருகிறது, ஆகவே 32. மொத்தம் ஒன்பது வெட்டு. 13-ம் 14-ம் பக்கத்தில் இருப்பதால் நடுவில் ஒரு பல் நிற்கும், அங்கே ஃபெவிகால் துளி.

வெட்டுவதற்குக் கூர்மையான சின்னக் கத்தரிக்கோல். துளையின் இடது ஓரத்திலிருந்து விளிம்புக்கு ஒன்று, வலது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டும் நேர்கோடாக. வெளிப்பக்கம் அகலமாக 'வி' வடிவில் வெட்டினால் அட்டை சுலபமாக விழும் என்று தோன்றும். 6.3 மி.மீ. இடைவெளியில் அதற்கு இடமில்லை, பக்கத்துத் துளையின் சுவரைத் தின்றுவிடும். துளை ஓரத்துக்கு உள்ளே தள்ளி வெட்டினால் வாய் குறுகி, கம்பி அதில் சிக்கும்.

வெட்டும் முன் பென்சிலால் வெட்டப்போகும் துளை ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி. பிறகு அட்டையின் நடுவே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழ் மூலையில் வேறுபட்ட எழுத்துகளின் எண்ணிக்கை. கட்டுமர அட்டையில் 6. இந்த எண் எதற்கு என்பது கீழே வருகிறது. பழகிவிட்டால் ஓர் அட்டைக்கு ஒரு நிமிடம் பிடிக்கிறது. 300 அட்டைக்கு ஐந்து மணி நேரம். ஒரே மூச்சில் உட்காராதீர்கள், இரண்டாவது மணி நேரத்துக்குப் பிறகு விரல் எண்ணாமலே வெட்ட ஆரம்பிக்கும்.

சோதனைக் கட்டு

முந்நூறையும் வெட்டி முடித்துவிட்டு வரிசை தப்பு என்று கண்டுபிடிப்பதைவிட, எட்டே அட்டையில் பார்த்துவிடலாம். 'குயிக் பிரவுன் ஃபாக்ஸ்' வாக்கியம் எல்லாருக்கும் தெரியும், 26 எழுத்தும் அதில் உண்டு. 'தி' இரண்டு முறை வருகிறது, ஒன்றை விட்டால் எட்டுச் சொல்: தி, குயிக், பிரவுன், ஃபாக்ஸ், ஜம்ப்ஸ், ஓவர், லேசி, டாக். எட்டு அட்டையிலும் சேர்த்து எழுத்து வெட்டு 32 இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

பிறகு 26 துளையிலும் கம்பி விட்டுத் தூக்குங்கள். ஓ துளையில் நான்கு அட்டை தங்க வேண்டும்: பிரவுன், ஃபாக்ஸ், ஓவர், டாக். ஈ-யில் இரண்டு: தி, ஓவர். யூ-வில் இரண்டு: குயிக், ஜம்ப்ஸ். ஆரில் இரண்டு: பிரவுன், ஓவர். மற்ற 22 துளையிலும் ஒரே ஒரு அட்டைதான் தங்கும். இந்தக் கணக்கு ஒத்துப்போனால் சாவி அட்டையும் சரி, வெட்டும் கையும் சரி. எட்டு அட்டையையும் தனியே எடுத்து வையுங்கள். புதிதாகத் தேடப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான்.

தேடுவது

ஒரு தூக்கலுக்கு 60 அட்டை. அதற்கு மேல் போனால் அட்டைக்கு அட்டை உராய்வு கூடி, வாய் திறந்தவையும் கூட்டத்தோடு மேலே போய்விடும். 60 அட்டை 23 மி.மீ. தடிமன்தான் வருகிறது, கைக்கு அடக்கம். மேஜையில் மூன்று முறை தட்டி நேராக்கி, கம்பியை விட்டு, இரு முனையையும் பிடித்து அரை அடி தூக்கி, மெதுவாக முன்னும் பின்னும் மூன்று ஆட்டு ஆட்ட வேண்டும். விசிறி மாதிரி கொஞ்சம் விரித்தும் விடலாம். 300 அட்டைக்கு ஐந்து தூக்கல், இரண்டு நிமிடத்தில் ஓர் எழுத்து முடிந்துவிடும்.

பல எழுத்து ஒன்றாகத் தேடும்போது எதை முதலில் எடுப்பது என்பதில்தான் நேரம் மிச்சமாகிறது. எப்போதும் அரிதான எழுத்து முதலில். ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டின் பெட்டியில் 100 எழுத்து வில்லை, அதில் ஈ மட்டும் 12. க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே ஐந்துக்கும் ஒவ்வொரு வில்லைதான். ஈ-யில் கம்பி விட்டால் கட்டில் பாதிக்கு மேல் மேஜையில் தங்கும், தேடி ஒன்றும் குறையவில்லை. க்யூவில் விட்டால் ஒரு கைப்பிடிகூட இருக்காது, மிச்ச எழுத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இரண்டு எழுத்தும் வேண்டும் என்றால் இரண்டு துளையிலும் இரண்டு கம்பி விட்டு ஒரே தூக்கல். இரண்டிலும் வாய் திறந்த அட்டை மட்டுமே தங்கும். மூன்று கம்பியும் போடலாம், ஆனால் உராய்வால் தவறு கூடுகிறது. தனித்தனியாகத் தூக்குவதே நல்லது. இந்த எழுத்து இருக்கக்கூடாது என்றால் தங்கியதை ஒதுக்கிவிட்டுக் கம்பியில் தொங்குவதை எடுங்கள். இது அல்லது அது என்றால், முதல் எழுத்தில் தங்கியதை ஓரமாக வைத்து, தொங்குவதில் மட்டும் இரண்டாம் கம்பி.

நீளத்தையும் சேர்த்துக் கேட்கும்போது ஒரு சறுக்கல் இருக்கிறது. ஐந்தெழுத்துச் சொல் வேண்டும் என்று 4-லும் 1-லும் கம்பி விட்டால் ஐந்தெழுத்து மட்டும் வராது. 12 என்பது 7, 4, 1; 14 என்பது 7, 4, 2, 1 என்பதால் பன்னிரண்டெழுத்து, பதினான்கெழுத்துச் சொல்லும் கூடவே தங்கும். தங்கியதை மறுபடி 7-ல் தூக்கி, தொங்குவதை எடுத்தால்தான் சுத்தமான ஐந்து.

ஈ, க்யூ, ஐ, டைகர்-டி உள்ள ஐந்தெழுத்துச் சொல் என்று கேட்டால் 'கொயட்', 'குவைட்' இரண்டும் ஒன்றாகத்தான் தங்கும். அட்டைக்கு எழுத்து தெரியும், எழுத்தின் இடம் தெரியாது. 'லிசன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்' மூன்றும் வெட்டில் ஒரே அச்சு. பிள்ளைகளுக்கு இது குறை இல்லை, விளையாட்டு. 'ஈஸ்ட்' என்ற திசைக்கும் 'ஸ்டேட்' சொல்லுக்கும் எழுத்து வெட்டு ஒன்றே, 32-ம் நீளமும்தான் பிரித்துக் காட்டும்.

பழகுவதற்கு நல்ல ஜோடி ஊர்ப்பெயரே. 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரி என்று மாறியதில் ஆங்கில எழுத்துக் கூட்டலும் மாறியது. பழைய பெயர் 11 எழுத்து, புதியது 10. இரண்டு அட்டையிலும் பேரட்-பி, டாக்-டி, சி, எச், ஈ, ஆர், ஒய் ஏழும் பொது. ஓ, என், ஐ இந்த மூன்றில் எதில் கம்பி விட்டாலும் பழைய பெயர் தங்கும், புதியது மேலே வரும். புதியதைப் பிடிக்க யூ ஒன்றுதான் வழி. எந்தக் கம்பியை எடுப்பது என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்க விடுங்கள்.

வெட்டிய பிழை, வெட்டாத பிழை

இந்தக் கருவியில் பிழை இரண்டு வகை, இரண்டும் சமமில்லை. வெட்டக்கூடாததை வெட்டிவிட்டால் அந்த அட்டை என்றாவது தப்பான தேடலில் வந்து தங்கும். 'டேபிள்' அட்டை க்யூவில் தங்கினால் யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே எடுத்துத் தனியே வைப்பார்கள். வெட்ட வேண்டியதை வெட்டாமல் விட்டால் அந்தச் சொல் அந்த எழுத்துக்கு இல்லாமலே போய்விடும். கூட்டத்தோடு தொங்கும், யார் கண்ணிலும் படாது, மாதக் கணக்கில் தெரியாது. 'லாம்' (ஆட்டுக்குட்டி), 'கோம்' (சீப்பு) சொற்களில் நாம் சொல்லாத பால்-பி, 'வெட்னஸ்டே'யின் நடுவில் வரும் டாக்-டி, 'ஐலண்ட்' சொல்லின் எஸ், இவைதான் விடுபடும். எந்த எழுத்துக்காகக் கருவி செய்தோமோ அதையே கை தவறவிடும், ஏனென்றால் வெட்டுகிறவரும் காதால்தான் எழுதுகிறார்.

மூலையில் எழுதிய எண் இதற்குத்தான். வெட்டியவர் அல்லாத இன்னொருவர் சொல்லைப் பார்க்காமல் 1 முதல் 26 வரை திறந்த வாய்களை மட்டும் எண்ண வேண்டும். எண் குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. அந்த எண்ணையே காதால் எண்ணி எழுதினால் பயனில்லை என்பதால், அகராதியில் சொல்லைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டே எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து இடம் மட்டும் தள்ளிப் போயிருந்தால், 30 அட்டை சேர்ந்தவுடன் எல்லாத் துளையிலும் ஒரு சுற்றுக் கம்பி விட்டுப் பார்க்கையில் அகப்படும்.

தப்பாக வெட்டிய வாயை மூட, கழிவு அட்டையில் 15-க்கு 12 மி.மீ. துண்டு வெட்டிப் பின்பக்கம் ஒட்டி, காய்ந்தபின் பழைய வட்டத்தின் வழியே கூர்முனையால் துளையைத் திறக்கலாம். அந்த இடம் இரட்டைத் தடிமனாகிவிடும். 60 அட்டையில் இரண்டு மூன்று ஒட்டு இருந்தால் பரவாயில்லை. கூடினால் கட்டு ஒரு பக்கம் உப்பும், உபரி அட்டையில் புதிதாக வெட்டிவிடுவதே மேல்.

கடல் காற்று

கோடையில் ஒழுங்காக விழும் அட்டை, ஐப்பசி கார்த்திகையில் விழாது. ஈரத்தைக் குடித்த அட்டை நாருக்குக் குறுக்கே உப்பி, 210 மி.மீ. விளிம்பு வில் மாதிரி வளையும். வளைந்த அட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொண்டு பிரிய மறுக்கும். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். டப்பாவுக்குள் அட்டைகள் சாயாமல் நெருக்கமாக நிற்க வேண்டும், காலி இடத்தை அட்டைத் துண்டால் அடைத்துவிடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் விளிம்பு நசுங்கும், ஆறு மாதத்தில் உருகி ஒட்டியும் விடும்.

வளைந்துவிட்ட அட்டையை எதிர்ப்பக்கமாகப் புரட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் நிமிரும். ஒட்டுகிற கட்டில் கேரம் போர்டு பவுடர் ஒரு சிட்டிகை தூவி, சீட்டு கலைப்பதுபோலக் கலைத்துத் துடைத்தால் வழுக்கல் வந்துவிடும். அதிகம் போட்டால் பேனா எழுத்து மங்கும். ஸ்போக்ஸ் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், துரு அட்டையில் கோடு போடும். எண்ணெய் தடவாதீர்கள், துளை ஓரமெல்லாம் கறையாகும். மெழுகுவத்தியால் ஒரு தேய்ப்பு, துணியால் ஒரு துடைப்பு போதும்.

300 சொல்லைத் தாண்டினால்

500 வரை தாங்கும், ஆயிரத்துக்கு ஓர் எழுத்துக்கே 17 தூக்கல். அங்கே எக்செல் போதும். சொற்களை ஒரே நெடுவரிசையில் கொட்டி, ஃபில்டரில் 'இதை உள்ளடக்கியது' என்ற நிபந்தனையைப் போட்டு எழுத்தைக் கொடுக்கலாம். ஒரு நெடுவரிசைக்கு இரண்டு நிபந்தனைதான் போட விடும். நான்கு எழுத்து வேண்டுமென்றால் அதே நெடுவரிசையைப் பக்கத்தில் இன்னொரு முறை ஒட்டி, அதில் மிச்ச இரண்டு. அட்டையால் முடியாத இடத் தேடலும் இங்கே முடியும். 'இதற்குச் சமம்' என்ற நிபந்தனையில் தெரியாத எழுத்துக்கு ஒவ்வொரு கேள்விக்குறி, தெரிந்த எழுத்தை அதன் இடத்தில். ஐந்தெழுத்தில் மூன்றாவது ஐ என்றால் இரண்டு கேள்விக்குறி, ஐ, மறுபடி இரண்டு கேள்விக்குறி. 'குவைட்' வரும், 'கொயட்' சொல்லிலும் மூன்றாவது ஐ-தான் என்பதால் அதுவும் வரும். இரண்டையும் பிரிக்க நான்காவது இடத்தில் டைகர்-டி போடுங்கள்: 'குவைட்' மட்டும் நிற்கும்.